ஏழாம் எண் பஸ்ஸுக்கு நான் எழுதிய நன்றிக் கடிதம்

1. கை காட்டியும் நிற்காத பஸ்

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வின் முதல் நாள். காலை ஏழே முக்கால் மணி. சேரப்பணஞ்சேரிப் பக்கம், வாலாஜாபாத் போகிற மெயின் ரோட்டில், நான்கு பெண்பிள்ளைகளோடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நான்கு பேருக்கும் எண்ணெய் வழிய வழியத் தலை வாரி, நெற்றி நிறையத் திருநீறு. பரிமளா மட்டும் வாய்க்குள்ளேயே மனப்பாடச் செய்யுளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "போதும்டி, தொண்டை வத்திடும்" என்று நான்தான் அதட்டினேன்.

இவர்கள் ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரகடம் பக்கத்தில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு எட்டு நாற்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஹெச்.எம். ஏற்பாடு செய்த வேன், மொத்த வகுப்பையும் வாலாஜாபாத்தில் இருக்கும் தேர்வு மையத்துக்குக் கூட்டிப்போகும். பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு மேல் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு எங்கள் பஸ் வந்தது. எங்கள் பஸ் என்றால் அரசு பஸ் இல்லை. ஒரு கம்பெனி ஸ்டாஃப் பஸ், கண்ணாடியில் ஏழு என்று நம்பர் ஒட்டியது. ஒரு வருஷமாகத் தினமும் இந்தப் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ். நான்கு பேரும் வழக்கம்போலக் கை காட்டினார்கள். பஸ் காலியாகத்தான் இருந்தது. வேகம்கூடக் குறையவில்லை. புழுதியை வாரி எங்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

"ஏழுமலை!" என்று நான் ரோட்டில் நாலு அடி ஓடினேன். அப்புறம்தான் கவனித்தேன், ஸ்டியரிங்கில் இருந்தது வேறு ஆள்.

பின்னாலேயே சைக்கிளில் மூச்சிரைக்க வந்து இறங்கினார் பரிமளாவின் அப்பா கன்னியப்பன். நிலத்தை விட்டுவிட்டு அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடிங் வேலை பார்க்கிறவர். நைட் ஷிப்ட் முடித்து, அதே ஏழாம் நம்பரில் அரை மணி முன்னால்தான் வந்து இறங்கியிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அது நிக்காது மேடம். ஏழுமலைய சனிக்கிழமையே எறக்கிட்டாங்க. புது டிரைவரு, யாரையும் ஏத்தக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுகீறாங்க."

"எறக்கிட்டாங்களா? ஏன்?"

"எவனோ கம்பெனிக்கு நன்றி சொல்லி லெட்டர் போட்டானாம். போட்டோ வேற வச்சு. மாட்டிக்கினாரு மனுஷன்."

அந்த லெட்டரைப் போட்ட 'எவனோ' நான்தான்.

2. ஏழுமலை போட்ட ஒரே கண்டிஷன்

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது இது. எங்கள் தொண்டு அமைப்பு அந்தப் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்தது. வகுப்பறை வேலை ஆசிரியர்களுடையது. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்பது எங்களுடையது. நான் அங்கே கள ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன்னால் டைப்பிஸ்ட். ஆங்கில டைப்பிங் ஹையர் பாஸ். ஒரு கடிதத்தைப் பிசிறில்லாமல் அடிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கன்னியப்பனின் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரகடம் பக்கம்தான் போக வேண்டும். ஆண்பிள்ளைகள் சைக்கிள் மிதித்துப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் எட்டோடு நின்றுவிடுவார்கள். பரிமளாவோடு சேர்த்து நான்கு பேர் மட்டும் தட்டுத்தடுமாறி ஒன்பது வரை போய் நின்றிருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: ரோடு. கன்டெய்னர் லாரி சீறிக்கொண்டு போகிற ரோடு. காலையில் வருகிற டவுன் பஸ்ஸில் கம்பெனி ஆட்கள் படிக்கட்டு வரை தொங்குவார்கள், அதனால் இந்த ஸ்டாப்பில் நிற்கவே நிற்காது. மாலையில் பஸ் காலியாக வரும், பிரச்சினை இல்லை. காலையில்தான் தொல்லை.

ஒரு நாள் அந்த ஸ்டாப்பிலேயே நின்று பார்த்தேன். நைட் ஷிப்ட் ஆட்களைப் படப்பை வரை இறக்கிவிட்டு, ஜெனரல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றுவதற்காக ஒரு கம்பெனி பஸ் ஒரகடம் பக்கம் காலியாகத் திரும்பிப் போகிறது. தினமும் அதே நேரம். ஐம்பது சீட்டும் காலி. எனக்குப் பொறுக்குமா? மூன்று நாள் ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் காத்திருந்து டிரைவரைப் பிடித்தேன்.

ஏழுமலைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பெனி ஆள் இல்லை, கம்பெனிக்கு பஸ் விடுகிற டிராவல்ஸ்காரரின் ஆள்.

"இன்னா மேடம், வெளையாடுறீங்களா? ஸ்டாஃபத் தவிர ஒரு ஈ காக்கா ஏறக்கூடாது. செக்கிங் கீது."

"காலியாத்தானே போவுது? பதினோரு பொண்ணுங்க. எட்டாவதோட, ஒன்பதாவதோட நின்னுடுச்சுங்க. நீங்க ஏத்தலன்னா அதுங்க கதை அவ்ளோதான்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "சரி, ஏத்துறேன். ஆனா வாயோட இருக்கட்டும் மேடம். பேப்பர்ல ஏறிச்சுன்னா என் கத கந்தல்."

அவ்வளவுதான் கண்டிஷன். ஒரே ஒரு கண்டிஷன். டீக்காசுகூட என்னைக் கொடுக்க விடவில்லை.

கன்னியப்பன் வீட்டில்தான் பெரிய போராட்டம். பரிமளாவைப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் சேர்த்துவிடுவதாக ஒரு ஏஜென்ட் சொல்லியிருந்தான். வயசுக்கு ஒரு சர்டிபிகேட்டும் அவனே ரெடி பண்ணுவானாம். ஏழுமலை பஸ் என்றதும் கன்னியப்பன் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"நான் வர்ற வண்டிதானே? சரி, போவட்டும். ஆனா ஒன்னு மேடம். எம் பொண்ணு அந்த ரோட்ல நின்னு லோல்படுறத ஒரு நாள் பாத்தேன்னா, அன்னியோட ஸ்கூலு கட்."

"நான் பொறுப்பு அண்ணே" என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

3. பிசிறில்லாமல் அடித்த கடிதம்

ஒரு வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. மார்ச் மாதம் வந்தது. எங்களுக்கு மார்ச் என்றால் ஃபைல் மூடுகிற மாதம். வருஷம் முழுக்க உதவி செய்த ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் போட்டு, அதன் நகலை ஃபைலில் வைக்க வேண்டும். நிதி கொடுக்கிறவர்கள் வந்தால் முதலில் அந்த ஃபைலைத்தான் புரட்டுவார்கள். எந்தக் கடிதத்தை விட்டாலும் எங்கள் டைரக்டர் விடமாட்டார்.

நோட்டு கொடுத்த கடைக்காரர், கண் பரிசோதனை செய்த டாக்டர் என்று எல்லோருக்கும் அடித்தேன். கடைசியில் ஏழாம் நம்பர் பஸ். இதை எப்படி விடுவது? வருஷத்திலேயே பெரிய உதவி இதுதானே? கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம். உங்கள் நிறுவனத்தின் ஏழாம் எண் பேருந்து, ஓட்டுநர் ஏழுமலை, தினமும் பதினோரு மாணவிகள், உங்கள் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறோம். இப்படிக் கதையளந்திருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு ஏழுமலையைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுப்பார் என்று மனதுக்குள் ஒரு படமே ஓடியது.

போட்டோவும் இணைத்தேன். பிப்ரவரியில் நானே எடுத்தது. பஸ் படிக்கட்டில் பிள்ளைகள், பக்கத்தில் ஏழுமலை. போட்டோ எடுக்கும்போதே அவர் நெளிந்தார்.

"போட்டோல்லாம் எதுக்கு மேடம்?"

"சும்மா நில்லுங்க ஏழுமலை. ஒரு ஞாபகத்துக்கு."

அந்த டீக்கடைக் கண்டிஷன் எனக்கு மறந்துவிட்டதா என்று கேட்டால், மறக்கவில்லை. அதுதான் வெட்கக்கேடு. நல்ல மனுஷன், விளம்பரம் வேண்டாம் என்று கூச்சப்படுகிறார் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை, பயம் என்று எனக்குப் புரியவில்லை. மாதச் சம்பளத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது எப்படிப் புரியும்?

புதன்கிழமை கம்பெனி கேட்டில் நானே கொண்டுபோய்க் கடிதத்தைக் கொடுத்தேன். சீல் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் பத்தாம் வகுப்புக்கு ஸ்டடி ஹாலிடே, ஒன்பதாம் வகுப்புக்கும் லீவு. யாரும் பஸ் ஏறவில்லை. அதனால் சனிக்கிழமை நடந்தது எனக்குத் திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. அதுவும் நடுரோட்டில்.

4. நீலக் கோட்டு

கன்னியப்பன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். "போதும். வூட்டுக்கு வா" என்று பரிமளாவின் பையைப் பிடித்தார்.

"அப்பா, இன்னிக்கிப் பரிச்சப்பா."

"எப்படிப் போவ? பறந்து போவியா? வாடின்னா."

அவள் பையை விடவில்லை. பரீட்சை அட்டை கீழே விழுந்தது. மற்ற மூன்று பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, அந்த லெட்டர் போட்டது நான்தான்" என்றேன்.

எதற்காக அந்த நேரத்தில் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சொல்லாமல் அங்கே நிற்க முடியவில்லை. கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா? படிச்சவங்கதானே மேடம் நீங்க?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனுக்கு ஓடினேன். ஹெச்.எம். எடுத்தார். "எட்டு நாப்பது வரைக்கும் நிறுத்தி வெக்கறேன் விமலா மேடம். அதுக்கு மேல என்னால முடியாது. முப்பத்தாறு பிள்ளைங்க வேன்ல உக்காந்திருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஊரில் இருந்த இரண்டு டிவிஎஸ் ஃபிப்டியில் ஒன்று பால் ஊற்றப் போயிருந்தது, இன்னொன்று ஏதோ கம்பெனி வாசலில் நின்றது. ஆட்டோ என்ற பேச்சே அப்போது அங்கே கிடையாது. நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். எட்டு ஐந்துக்கு வந்த டவுன் பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு, நிற்காமல் போனது.

எட்டேகாலுக்குத் தூரத்தில் இன்னொரு கம்பெனி பஸ் தெரிந்தது. பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகிற பஸ். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகள் அதில் போவார்கள். நான் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். பஸ் என் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"நாலு பொண்ணுங்க. பத்தாவது பரீட்சை. ஒரகடம் பக்கத்துல எறக்கி விட்டாப் போதும்."

"அதெல்லாம் முடியாது. நகருங்க."

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. அழுது, கெஞ்சி, காலைப் பிடித்து ஏற்றிவிடலாம். அவருக்கு என்ன ஆகும் என்று நான் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் தெரியுமே! சனிக்கிழமை ஒருவருக்கு ஆனது. ஜன்னலுக்கு அருகில் போனேன்.

"அண்ணே, உண்மையைச் சொல்லிடறேன். இப்படி ஏத்திக்கிட்டுப் போன ஒரு டிரைவருக்கு வேலை போயிடுச்சு. என்னாலதான் போச்சு. உங்களுக்கும் ஆகலாம். நீங்க முடியாதுன்னா நான் நகர்ந்துடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற நான்கு பேரையும் பார்த்தார். என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. எட்டு பதினெட்டு.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, ஏத்துங்கண்ணே. கேட்டா எங்க ஹாஸ்டல் புள்ளைகன்னு நாங்க சொல்லுதோம்." மெலிந்த, கறுத்த ஒரு பெண் படிக்கட்டுக்கே வந்துவிட்டாள். இருபது வயதுகூட இருக்காது. "என்னட்டி முழிச்சுக்கிட்டு நிக்கிய? பரிச்ச அட்டைய எடுத்துக்கிட்டுச் சட்டுனு ஏறுங்க!"

டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் கதவை மூடவில்லை.

கன்னியப்பன் இன்னும் பையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சொன்னாள். "அய்யா, விடுங்க. நானும் பத்தாவதுல பரிச்சைக்கு முந்துன வாரம் நின்னவதான். இப்ப பேக்கிங்ல நிக்கேன். உங்க மவளுக்கும் எடம் அங்கேயேதான் இருக்கும், எங்கயும் போயிராது. இன்னைக்கு இதை எழுதட்டும்."

அவர் கை தளர்ந்தது. பரிமளா கீழே விழுந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஓடி ஏறினாள். பின்னாலேயே மற்ற மூன்று பேரும் நானும் ஏறினோம்.

பஸ் கிளம்பியதும் அந்தப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் பையிலிருந்த நீலக் கம்பெனிக் கோட்டை எடுத்து நான்கு பேருக்கும் மாட்டிவிட்டார்கள். வழியில் டிராவல்ஸ் ஆள் யாராவது பார்த்தால் தெரியக்கூடாதாம். யூனிஃபார்ம் மறைந்துவிட்டது. பரிமளாவுக்குக் கோட்டு முழங்கால் வரை வந்தது. எந்தக் கோட்டை அவள் போடக்கூடாது என்று ஒரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினேனோ, அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் பரீட்சைக்குப் போனாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. ஒரு பெண் எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினாள்.

எட்டு முப்பத்தெட்டுக்கு இறங்கினோம். ஹெச்.எம். ரோட்டுக்கே வந்து வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேனுக்குள் ஓடினார்கள். திரும்பிப் பார்த்து அந்த டிரைவருக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு கியரைப் போட்டார்.

5. இன்னொரு கடிதம்

அன்று மதியமே ஏழுமலை வீட்டுக்குப் போனேன். வாலாஜாபாத் தாண்டிச் சின்ன ஓட்டு வீடு. கைலியோடு வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டைத் தோளில் போட்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பசங்க போய்ச் சேந்துதா மேடம்?" அதைத்தான் முதலில் கேட்டார்.

"சேந்துடுச்சு." அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏழுமலை, தப்பு என்மேலதான். நாளைக்கே ஹெச்.எம். கையெழுத்தோட இன்னொரு லெட்டர் போடறேன். கலெக்டருக்கே போடறேன். உங்களத் திரும்ப எடுக்கச் சொல்லி..."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இனிமே எனக்காக ஒரு லெட்டரும் எழுதாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

எழுதவில்லை. ஹெச்.எம்.மும் நானும் நேரில் போய் ஹெச்.ஆர். மேனேஜரைப் பார்த்தோம். ரொம்ப மரியாதையாக உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, ரூல் இடம் கொடுக்காது என்றார். வழியில் ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு வருஷம் முன்னால் நானே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஏழுமலை தண்ணீர் லாரி ஓட்டப் போனார். பஸ்ஸுக்குத் திரும்பவே இல்லை.

மீதிப் பரீட்சைகளுக்கு நான்கு பேரையும் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு பெற்றோர் வீட்டில் தங்கவைத்தோம். அவர்களின் அம்மாக்கள் முறை வைத்துத் துணைக்கு வந்து படுத்தார்கள். ஒரு கூட்டம் போட்டுக் கேட்டதும் உடனே நடந்த ஏற்பாடு. இதை முதலிலேயே கேட்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். பரிமளா பாஸ். கன்னியப்பன் பள்ளிக்கு வந்து மார்க் ஷீட்டை வாங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த ஜூனில் அவரே அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தார்.

மார்ச் முடிவதற்குள் டைரக்டர் ஃபைலோடு வந்தார். "பரீட்சை அன்னிக்கு வேற ஏதோ கம்பெனி பஸ் ஹெல்ப் பண்ணிச்சாமே விமலா? நல்ல கேஸ் ஸ்டடி ஆச்சே. தேங்க்ஸ் லெட்டர் காபி எங்கே?"

"அப்படி எதுவும் வரல சார். பிள்ளைங்க நடந்துதான் போச்சு."

"ஆறு கிலோமீட்டரா?"

"ஆமா சார். ஆறு கிலோமீட்டர்."

வேலையில் நான் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இந்தக் கள வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருக்கு நன்றி எழுதுவதற்கு முன்னால் அவரிடமே போய், எழுதலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், அவர் கூச்சப்படுகிறார் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதில் ஏழுமலை என்று எழுதியிருக்கிறேனே, அது அவர் பெயர் இல்லை. பஸ் நம்பரும் ஏழு இல்லை. நீலக் கோட்டும் நீலம் இல்லை. இரண்டு மாதம் முன்னால் அவர் வீட்டுக்குப் போய், இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதிக்குங்க மேடம்" என்றார். அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்தேன்.